வேலூரில் போர்ட்ஃபோலியோ அச்சிடுவது: ஃபைல் முதல் பைண்டிங் வரை

கிராஃபிக் டிசைன் அல்லது விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் கடைசி செமஸ்டரில் இருக்கிறீர்களா? உங்கள் போர்ட்ஃபோலியோவின், அதாவது செய்த வேலைகளின் தொகுப்பின், அச்சுப் பிரதி ரெவ்யூவுக்கு (கல்லூரி மதிப்பீட்டுக்கு) ஒன்றும் நேர்முகத் தேர்வுக்கு இன்னொன்றும் கட்டாயம் வேண்டியிருக்கும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள கடைகள் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, பில் புக், புராஜெக்ட் பைண்டிங் ஆகிய வேலைகளுக்குப் பழகியவை. நீங்கள் கேட்டால் நன்றாகவே செய்துதருவார்கள், கேட்காததை அவர்களாகச் செய்ய மாட்டார்கள். அச்சில் தெரியும் தவறுகளில் பெரும்பகுதி ஃபைலிலேயே இருந்தவைதான். அதனால் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் இங்கே அதிகம்.

1. டிசைனைத் தொடங்கும் முன் ஷீட் அளவைக் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் ஏ4 லேண்ட்ஸ்கேப்பில் 40 பக்கம் முடித்துவிட்டு அதன் பிறகுதான் கடைக்குப் போகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

டிஜிட்டல் கலர் மெஷின்களில் வழக்கமாக ஓடுவது 12×18 அங்குல ஷீட், அதாவது 305×457 மி.மீ. சில கடைகளில் 13×19 அங்குலமும் போகும், அது 330×483 மி.மீ. சென்டர் பின் (நடு மடிப்பில் பின் அடிக்கும் பைண்டிங்) அடிக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒரே ஷீட்டில் அடுத்தடுத்து அச்சாக வேண்டும். ஏ4 லேண்ட்ஸ்கேப் புத்தகத்தை விரித்தால் அகலம் 594 மி.மீ. இந்த இரண்டு ஷீட்டிலுமே அது அடங்காது. அப்படியானால் வயரோ (ஓரத்தில் துளையிட்டுக் கம்பி வளையம் கோர்ப்பது) அல்லது பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் கோந்து போட்டு ஒட்டுவது)தான் வழி.

ஏ4 போர்ட்ரெய்ட்டை விரித்தால் 420×297. சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கக் கூடுதலாக அச்சிடும் பகுதி) சேர்த்தால் 426×303. 12×18 ஷீட்டின் உயரம் 305 என்பதால் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் மெஷின் ஷீட்டின் ஓரத்தில் சில மில்லிமீட்டரை அச்சடிக்காமல் விட்டுவிடும். மேலேயும் கீழேயும் பிளீட் பாதி வெள்ளையாக வரும், வெட்டிய பிறகு அது கோடாகத் தெரியும். ஏ5 லேண்ட்ஸ்கேப்பிலும் இதே கதைதான். ஒரே ஷீட்டில் இரண்டு விரிப்பு வைத்தால் 308 மி.மீ. உயரம் வேண்டும், 12×18-இல் அது போகாது.

13×19 மெஷின் கிடைத்தால் ஏ4 போர்ட்ரெய்ட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 12×18 மட்டும்தான் என்றால் 210×280 மி.மீ. அளவில் டிசைன் செய்யுங்கள். பிளீட்டோடு 426×286 ஆகிறது, தாராளமாக அடங்கும். பைக்குள்ளும் ஏ4 ஃபைலுக்குள்ளும் கச்சிதமாக உட்காரும். என் கணிப்பில் மாணவர் போர்ட்ஃபோலியோவுக்கு இதைவிட நல்ல அளவு இல்லை. பொருத்தமில்லாத வேலைகளைச் சேர்க்காமல் 6 முதல் 8 புராஜெக்ட் வைத்தால் 32 பக்கம் போதும்.

சென்டர் பின் என்றால் பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்க வேண்டும்: 28, 32, 36. பக்கம் கூடக்கூட நடுவில் இருக்கும் தாள்கள் வெளியே தள்ளும். வெட்டும்போது அவற்றின் ஓரம் கூடுதலாக வெட்டுப்படும். அதனால் பக்க எண்ணையும் சிறு எழுத்தையும் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள்.

பெர்ஃபெக்ட் பைண்டிங் அழகுதான், ஆனால் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் கோந்து சரியாகப் பிடிக்காது. பத்துப் பேர் புரட்டியதும் பக்கம் கையோடு வந்துவிடும். 48 பக்கம் என்பது 24 தாள். 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற காகித எடை) ஆர்ட் பேப்பரில் ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன் என்பதால் முதுகு 2.4 மி.மீ.தான் வரும். அதில் பெயர் அச்சிட்டால் மடிப்பில் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். 100 பக்கத்துக்குக் குறைவான கலர் புத்தகத்துக்கு சென்டர் பின் அல்லது வயரோ போதும்.

2. அனுமதிக் கடிதங்களை இப்போதே வாங்குங்கள்

இன்டர்ன்ஷிப்பில் செய்த வேலைகளைப் போர்ட்ஃபோலியோவில் போடலாமா என்பது கடைசி வாரத்தில் எழுப்ப வேண்டிய கேள்வி அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது செய்த டிசைனின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பொதுவாக நிறுவனத்துக்குத்தான் சேரும். ஒரு மின்னஞ்சலே போதும். எந்த வேலை, எந்த மாதம் செய்தது, அச்சிலும் இணையத்திலும் காட்டச் சம்மதமா என்ற மூன்றையும் எழுதி அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியாகாத பேக்கேஜிங் இருந்தால் தனியாகக் கேளுங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குச் செய்த பெட்டியோ குடியாத்தம் தீப்பெட்டி லேபிளோ, பொருள் சந்தைக்கு வரும்முன் வெளியே காட்டினால் உங்கள் பெயர்தான் கெடும்.

சேர்த்து வைக்க வேண்டிய மற்றவை:

- தேதிகளோடு கூடிய இன்டர்ன்ஷிப் சான்றிதழ். "சில மாதங்கள்" என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் திருத்தி வாங்குங்கள்.
- கல்லூரி போனஃபைடு சான்றிதழ். வெளியே படமெடுக்கப் போகும்போது கையில் இருக்கட்டும். வேலூர் கோட்டை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மொபைலில் எடுப்பது வேறு, ட்ரைபாடும் விளக்கும் கொண்டுபோனால் முன் அனுமதி வேண்டும்.
- பயன்படுத்திய எழுத்துருக்களின் உரிமப் பட்டியல். "பெர்சனல் யூஸ்" என்று போட்ட எழுத்துருவை வாடிக்கையாளர் வேலையில் காட்டியிருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழும் வங்காளமும் ஆங்கிலமும் கலந்த பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. பலமொழிப் பலகை வடிவமைப்புக்கு அவை அருமையான பாடம், பலர் புராஜெக்டாகவும் எடுக்கிறார்கள். பலகைகளைப் படமெடுங்கள். சிகிச்சைக்கு வந்தவர்களின் முகம் ஃபிரேமில் விழுந்தால் அந்தப் படத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். நேர்முகத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

3. தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

நம் ஊர் மாணவர்களின் போர்ட்ஃபோலியோவில் அதிகம் சிதைவது தமிழ்தான். வேலைக்கு எடுப்பவர் தமிழ் தெரிந்தவராக இருந்தால் முதல் பார்வையிலேயே கண்ணில் படுவதும் அதுதான்.

மென்பொருள் அமைப்பு. இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் "அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் டைப் பிரிஃபரன்ஸில் இண்டிக் விருப்பங்களை இயக்கிவிட்டு, தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை எடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பல பதிப்புகளில் டைப் பிரிஃபரன்ஸில் "வேர்ல்ட்-ரெடி லேஅவுட்" என்று இருக்கும். இதைச் செய்யாவிட்டால் "கொ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒரு சோதனை வரி வைத்துக்கொள்ளுங்கள்: கெ, கே, கை, கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ. எட்டும் சரியாக வந்தால் மென்பொருளின் அமைப்பு சரி.

எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ், பவனம், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். தடிமன் வேண்டுமென்றால் எழுத்துருவிலேயே உள்ள போல்டை எடுங்கள். ஸ்ட்ரோக் (எழுத்தைச் சுற்றி ஒரு கோடு) போட்டுத் தடிமனாக்கினால் "ஞ", "இ" போன்றவற்றின் உள்வெளி அடைத்துவிடும். செயற்கையாகச் சாய்ப்பதும் வேண்டாம்.

பழைய மேட்டர். டிடிபி கடையிலிருந்தோ வாடிக்கையாளரிடமிருந்தோ வரும் மேட்டர் பாமினி, வானவில் போன்ற பழைய முறைகளில் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும். "ர" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் "ா" வந்திருக்கும், "கௌ" என்பது "கெ" ஒன்றாகவும் "ள" ஒன்றாகவும் பிரிந்திருக்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிவதால் தேடல் வசதியில் தேடிப் பிடியுங்கள்.

இடைவெளி. தமிழில் மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் குறிகளும் வருவதால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். 9 பாயின்ட் எழுத்துக்கு 14 பாயின்ட் லீடிங் வைத்துப் பாருங்கள். டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை) கூட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், உடல் எழுத்தில் பூஜ்யமாகவே வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இருபக்கமும் சமன் செய்தால் வரிக்குள் பெரிய ஓட்டைகள் விழும், குறுகிய பத்தியில் சொல்லவே வேண்டாம். இடப்பக்கம் மட்டும் சீராக வைத்தால் போதும்.

பிழைத்திருத்தத்தை உங்கள் வகுப்பைச் சாராத ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் நூறு முறை பார்த்த பக்கத்தில் பிழை உங்கள் கண்ணுக்குப் படாது.

4. நிறமும் படமும்

சிறு எழுத்துகளுக்குக் கறுப்பு மை 100 விழுக்காடு மட்டும். அச்சின் நான்கு நிறமும் (நீலச் சாயலுள்ள சியான், இளஞ்சிவப்புச் சாயலுள்ள மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பில் 8 பாயின்ட் எழுத்து அச்சானால் ஓரத்தில் நிறம் பிசிறும். முழுப் பக்கக் கறுப்புக்கு சியான் 40, மஜெந்தா 30, மஞ்சள் 30, கறுப்பு 100 என்று கலக்கலாம். மொத்தம் 200 விழுக்காடு, பாதுகாப்பான அளவு. அந்தக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் 7 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

நீலம் ஊதாவாக வருவது பழைய புகார். சியானுக்குச் சமமாக மஜெந்தா இருந்தால் அப்படித்தான் வரும், குறைந்தது 30 புள்ளிகளாவது மஜெந்தாவைக் குறையுங்கள். திரையில் ஒளிரும் பச்சை, ஆரஞ்சு எல்லாம் அச்சில் மங்கும். மொபைல் ஆப் திரைகளைக் காட்டும் பக்கங்களில் இது நன்றாகத் தெரியும். அதை முழுக்கத் தவிர்க்க வழியில்லை, அச்சுக்கென்று ஒரு நிறத்தொகுப்பைத் தனியாகச் சீர்செய்துகொள்ளலாம்.

படங்கள், வைக்கும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்க வேண்டும். 4000×3000 பிக்சல் மொபைல் படம் சுமார் 339×254 மி.மீ. வரை தாங்கும், ஒரு முழுப் பக்கத்துக்கு ஏறக்குறையப் போதும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கியிருந்தால் சுருங்கியிருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

5. பிடிஎஃப் எடுப்பது

தனித்தனிப் பக்கங்களாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், இரண்டு பக்கம் சேர்ந்த ஸ்பிரெட்டாக வேண்டாம். பக்கங்களை ஷீட்டில் அடுக்குவது கடைக்காரரின் வேலை. 3 மி.மீ. பிளீட், வெட்டுக்குறிகள், அச்சுக்கென்று உள்ள பிடிஎஃப் எக்ஸ்-4 அமைப்பு. மெஷின் பழையதென்றால் அதன் பழைய வடிவமான எக்ஸ்-1ஏ கேட்பார்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. பல கடைகளில் உங்கள் பிடிஎஃப்பை நேராக அச்சுக்கு அனுப்பாமல் கோரல் டிராவில் இறக்குமதி செய்து ஷீட்டில் அடுக்குவார்கள். அப்போது தமிழ் உடையும், டிரான்ஸ்பரன்சி (அடியில் இருப்பது தெரியும் தன்மை) உள்ள நிழல்கள் வெள்ளைப் பெட்டியாகும். "கர்வ் பண்ணிட்டீங்களா?" என்று அவர்கள் கேட்பது இதற்காகத்தான். இரண்டு ஃபைல் கொண்டுபோங்கள்: எழுத்துரு உட்பொதித்தது ஒன்று, எல்லா எழுத்தையும் அவுட்லைனாக (கர்வ்), அதாவது வெறும் வடிவக் கோடுகளாக, மாற்றியது ஒன்று. அக்ரோபாட்டில் அச்சுக்கு முன் ஃபைலைச் சோதிக்கும் பிரிஃபிளைட்டில் எழுத்துருக்களை அவுட்லைனாக மாற்றும் வசதி இருக்கிறது. அவுட்லைன் ஆக்கும் முன் மூல ஃபைலைத் தனியாகச் சேமிக்க மறக்க வேண்டாம், அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

பென் டிரைவில் உங்கள் ஒரே பிரதியைக் கொண்டுபோகாதீர்கள். கடைக் கணினிகளில் வைரஸ் சகஜம். பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, வீட்டில் ஒன்று.

6. கடையில் கேட்க வேண்டியவை

கல்லூரிகளின் அருகே உள்ள ஜெராக்ஸ் கடைகள் புராஜெக்ட் பைண்டிங்கில் வேகமானவை, கலர் கட்டுப்பாட்டில் அல்ல. ஆஃப்செட் பிரஸ்ஸில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு இருப்பதால் மூன்று, நான்கு பிரதிக்கு அது கட்டாது. உங்களுக்கு வேண்டியது டிஜிட்டல் கலர் பிரிண்ட்டும் கட்டிங் மெஷினும் ஒரே இடத்தில் இருக்கும் கடை. கல்யாண ஆல்பம் அடிக்கும் லேப்களையும் விசாரியுங்கள், கெட்டி அட்டை வேலை அங்கே சுத்தமாக இருக்கும்.

கூட்டமில்லாத காலை நேரத்தில் போய்க் கேளுங்கள்:

"அண்ணா, மெஷின்ல 13×19 போகுமா, 12×18 மட்டுமா?"
"130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர் இப்ப கையில இருக்கா?"
"லேமினேஷன் இங்கயே பண்றீங்களா, வெளிய அனுப்புறீங்களா?"
"அட்டைக்கு கிரீஸிங் போட முடியுமா?"
"சொல்ற ரேட்ல ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா?"

கடைசிக் கேள்விக்கு முந்தைய கேள்வி முக்கியமானது. 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் அடர்நிற அட்டை அடித்துவிட்டு கிரீஸிங் (மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே அழுத்தும் கோடு) இல்லாமல் மடித்தால் மடிப்பில் டோனர் (மெஷினின் மைத்தூள்) வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். முதலில் லேமினேஷன், பிறகு கிரீஸிங், பிறகு மடிப்பு என்ற வரிசையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

வித்தியாசமான காகிதம் வேண்டுமென்றால் சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போகலாம். காட்பாடியிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் 2 மணி நேரம். வாங்கும் முன் உங்கள் கடைக்காரரிடம் அந்தக் காகிதம் மெஷினில் ஓடுமா என்று கேட்டுவிடுங்கள். சொரசொரப்பான காகிதத்தில் டோனர் ஒட்டாமல் உரியலாம்.

7. சோதனை ஷீட்

முழுப் புத்தகத்துக்கு முன் இரண்டு ஷீட் மட்டும், கடைசியில் பயன்படுத்தப் போகும் அதே காகிதத்தில் அடியுங்கள். ஒன்றில் உங்கள் மிக அடர்த்தியான பக்கமும் சிறு தமிழ் எழுத்துள்ள பக்கமும், மற்றொன்றில் மனித முகம் உள்ள பக்கமும் வெள்ளை அதிகமுள்ள பக்கமும் இருக்கட்டும். கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் நேராக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சரிபாருங்கள். 2 மி.மீ. விலகல் இருந்தால் மெஷினிலேயே சரிசெய்யச் சொல்லலாம்.

சாதாரண வெள்ளைத் தாளில் மடித்து, பக்க எண் எழுதிய ஒரு டம்மியும் கொண்டுபோங்கள். அடுக்குபவருக்கு அதைவிடத் தெளிவான குறிப்பு கிடையாது.

8. செலவைக் கணக்கிடும் முறை

ரேட் கடைக்குக் கடை மாறும், கணக்கு மாறாது. 210×280 அளவில் 32 உள்பக்கம், சென்டர் பின் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு ஷீட்டில் 4 பக்கம் என்பதால் உள்ளே 8 ஷீட், இரண்டு பக்கமும் சேர்த்து 16 பிரிண்ட். பிரிண்ட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 320. அட்டை அச்சு 25, லேமினேஷன் 15, பின்னும் கட்டிங்கும் 40 என்று வைத்தால் ஒரு பிரதி 400 ரூபாய். மூன்று பிரதி 1,200, சோதனை ஷீட்டுக்கு 80. இந்த ரேட்களை உங்கள் கடை சொல்லும் ரேட்டால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று பிரதி ஏன் என்றால், கல்லூரி ஒன்றைத் திருப்பித் தராமல் போகலாம், நேர்முகத்துக்கு ஒன்று வேண்டும், புரட்டிப் புரட்டி நைந்தால் மாற்ற ஒன்று வேண்டும். டிஜிட்டலில் ஐந்து பிரதி அடித்தாலும் ஒரு பிரதியின் விலை பெரிதாகக் குறையாது, அதனால் தேவைக்கு மேல் அடிக்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். பாதி கொடுத்து, காகிதம், ஜிஎஸ்எம், அளவு, டெலிவரி தேதி நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

9. நாள் கணக்கு

ரெவ்யூ தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 21 நாள் முன்பு பக்க எண்ணிக்கையும் அளவும் முடிவாகிவிட வேண்டும். 14 நாள் முன்பு தமிழ், ஆங்கிலப் பிழைத்திருத்தம். 10 நாள் முன்பு சோதனை ஷீட். 6 நாள் முன்பு முழு அச்சு. 4 நாள் முன்பு பைண்டிங். மீதி நாட்கள் தவறு சரிசெய்ய.

மார்ச், ஏப்ரலில் எல்லாத் துறை மாணவர்களும் புராஜெக்ட் ரெக்கார்டு பைண்டிங்குக்கு வந்து நிற்பார்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலையும் அதே சமயத்தில் ஓடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் நாளிதழில் பாருங்கள். உங்கள் கடை உள்ள பகுதி அந்தப் பட்டியலில் இருந்தால் அன்றைய பகல் போனது.

அக்னி நட்சத்திர வெயிலில் புத்தகத்தைப் பைக் பெட்டியிலோ நிறுத்திய காரிலோ விடாதீர்கள். லேமினேஷன் சுருளும், பெர்ஃபெக்ட் பைண்டிங்கின் கோந்து இளகும். அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து எடுத்துச் செல்லுங்கள்.

10. அனுப்பும் பிடிஎஃப்பும் அசல் சான்றிதழ்களும்

அச்சு ஃபைலை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பக் கூடாது. திரைக்கான ஆர்ஜிபி நிறம், அங்குலத்துக்கு 150 பிக்சல் படங்கள், வெட்டுக்குறி இல்லாமல், 10 எம்பிக்குள் தனியாக ஒன்று எடுங்கள். ஃபைலின் பெயரில் உங்கள் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். "ஃபைனல் ஃபைனல் 2" என்று வரும் ஃபைலை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள்.

நேர்முகத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியல்கள், முடிவு வந்திருந்தால் புரொவிஷனல் சான்றிதழ், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், அனுமதி மின்னஞ்சல்களின் நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடம் வந்தால் மறுத்துவிடுங்கள். மேற்படிப்புக்கோ வேறு வேலைக்கோ போகும் நாளில் அவற்றைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.